ஒரே சர்வரில் இருபத்திரண்டு குடித்தனம்

மாதா மாதம் 20ஆம் தேதி எனக்கு ஒரு போன் வரும். ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா, காலை பத்தே காலுக்கெல்லாம் கூப்பிட்டுவிடுவார்.

"தம்பி, டேலி திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. மௌஸை நகர்த்தினா அது எப்பவோ நகருது. என் சிஸ்டத்தை ஒருதடவை ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடேன்."

அவருடைய சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதை ஃபார்மட் செய்தாலும், புதிதாக வாங்கி வைத்தாலும் டேலி அதே வேகத்தில்தான் திறக்கும். ஏனென்றால் அவர் பார்க்கும் டேலி என்கிற கணக்கு அப்ளிகேஷன் அவர் மேசையில் ஓடவில்லை. மாடியில் ஏசி போட்ட சின்ன அறையில் இருக்கும் சர்வரில் ஓடுகிறது. அதன் படம் மட்டும் அவர் திரைக்கு வருகிறது. இதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் நடுத்தர கம்பெனிகள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். இதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் போடுவது அபூர்வம். பிசிஏ முடித்துவிட்டு வேறு ஏதோ வேலைக்குச் சேர்ந்த பையனிடமோ பெண்ணிடமோ, "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, இதையும் பாத்துக்கோ" என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு முழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரையில் தெரிவது எங்கே ஓடுகிறது?

ரிமோட் டெஸ்க்டாப்பில் நாம் கீபோர்டில் அடிப்பதும் மௌஸை நகர்த்துவதும் நெட்வொர்க் வழியாக சர்வருக்குப் போகின்றன. சர்வர் அந்த வேலையைச் செய்து, திரையில் மாறிய பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கணக்குப் போடுவது, டேட்டாவை வைத்திருப்பது, நினைவகம் செலவாவது எல்லாம் சர்வர் பக்கம். இந்தப் போக்குவரத்துக்கான விதிமுறைக்கு ஆர்டிபி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் இதை 1998ல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு கொண்டுவந்தது. ஒரே விண்டோஸில் பல பேர் உட்காரும் நுட்பத்தை அதற்கு முன்பே சிட்ரிக்ஸ் நிறுவனம் செய்து காட்டியிருந்தது. 2009ல் வந்த சர்வர் 2008 ஆர்2வில்தான் 'டெர்மினல் சர்வீசஸ்' என்ற பெயர் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' ஆனது. பழைய ஆட்கள் இன்னும் டெர்மினல் சர்வர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஒரு ஷூ கம்பெனிக்கு இது ஏன் வேண்டியிருக்கிறது? ஃபேக்டரி ஆம்பூரில் இருக்கும், ஆபீஸ் சென்னை பெரியமேட்டில் இருக்கும், தோல் குடோன் ராணிப்பேட்டையில் இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் தனித்தனி டேட்டா வைத்தால் மாதக் கடைசியில் எது சரி என்று பஞ்சாயத்து நடக்கும். ஒரே சர்வரில் வைத்துவிட்டால் எல்லோரும் அங்கே போய் வேலை செய்துவிட்டு வரலாம். லேப்டாப் தொலைந்தாலும் கணக்கு தொலையாது. பழைய சிஸ்டமும் தாராளமாகப் போதும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சர்வரின் முழு டெஸ்க்டாப்பையும் காட்டுவது. இன்னொன்று, டேலி போன்ற ஒரே ஒரு அப்ளிகேஷனை மட்டும் காட்டுவது. இதற்கு ரிமோட்ஆப் என்று பெயர். சர்வர் 2008லிருந்து இது இருக்கிறது. பயனரின் சொந்த டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஐகான் வைத்துவிடலாம், அழுத்தினால் அந்த அப்ளிகேஷன் மட்டும் திறக்கும். புதிதாக அமைப்பவர்களுக்கு நான் சொல்வது ரிமோட்ஆப்தான். முழு டெஸ்க்டாப்பைக் கொடுத்தால் மக்கள் அதில் போட்டோவையும் பாட்டையும் சேர்த்து வைப்பார்கள். அது அவர்கள் தப்பில்லை. டெஸ்க்டாப் என்று கண்ணில் பட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வீட்டில் இருக்கும் விண்டோஸ் ப்ரோவிலும் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். அதைப் பல பேருக்குத் திறந்துவிட இணையத்தில் சின்னச் சின்ன பேட்ச் கிடைக்கும். பஜாரில் சிலர் அதைப் போட்டுக்கொடுத்து 'சர்வர்' என்று பில்லும் எழுதிவிடுவார்கள். உரிம விதிப்படி அது தப்பு. அடுத்த விண்டோஸ் அப்டேட் வந்ததும் ஒருநாள் காலை யாராலும் உள்ளே நுழைய முடியாமலும் போகும். தயவுசெய்து அந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஒண்டுக்குடித்தனம்

வேலூரில் வேலப்பாடியிலும் கொசப்பேட்டையிலும் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே கரண்ட் மீட்டர், ஏழெட்டுக் குடும்பம். ஒரு வீட்டில் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு சினிமாவுக்குப் போனால் மற்ற ஏழு வீட்டிலும் தண்ணீர் இருக்காது. ஒருவர் வாசல் கதவைத் தாழிடாமல் படுத்தால் எல்லோர் வீட்டுக்கும் திருடன் வருவான்.

செஷன் ஹோஸ்ட் என்கிற இந்த சர்வர் அப்படிப்பட்ட வீடு. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு 'செஷன்', அதாவது ஒரு அறை. அறை தனி, ஆனால் பிராசஸரும் நினைவகமும் டிஸ்க்கும் பிரிண்டர் சர்வீஸும் பொது. தனி சிஸ்டம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து செய்யும் தப்புகளில் முக்கால்வாசி, இது பொது வீடு என்பதை மறப்பதால் வருபவை. ஏதாவது செய்யப் போகும்போது 'இதனால் அடுத்த அறைக்காரருக்கு என்ன ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். என்ன செய்யக் கூடாது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எக்ஸ் அடித்துவிட்டுப் போவது

அக்கா கூப்பிட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சர்வரில் 32 ஜிபி நினைவகம். அதில் 31க்கு மேல் நிரம்பியிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'யூசர்ஸ்' பக்கத்துக்குப் போனேன். இருபத்திரண்டு பெயர்கள். அவற்றில் பதின்மூன்று பேர்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மீதி ஒன்பது பேருக்கு எதிரே 'டிஸ்கனெக்டட்' என்று இருந்தது. அதில் ஒருவர் மூன்று நாளாக லீவில் இருந்தவர். அவருடைய செஷனில் குரோம் பதினான்கு டேப்புகளோடு ஓடிக்கொண்டே இருந்தது.

அக்காவைக் கேட்டேன், "சாயந்திரம் கிளம்பும்போது எப்படிக்கா மூடுவீங்க?"

"மேல எக்ஸ் அடிச்சிட்டுத்தான் போறேன். அப்படியே விட்டுட்டுப் போற ஆள் நான் இல்ல தம்பி."

இங்கேதான் விஷயம். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலின் மேலே உள்ள எக்ஸை அழுத்தினால் தொடர்பு மட்டும்தான் அறுகிறது. உள்ளே திறந்து வைத்த டேலி, எக்செல், குரோம் எல்லாம் சர்வரில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அறைக்குள் விளக்கு, விசிறி, டிவி எல்லாம் ஓடவிட்டுக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனதுபோல. இது டிஸ்கனெக்ட். ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் தன் பெயரை அழுத்தி 'சைன் அவுட்' கொடுத்தால்தான் எல்லாம் மூடி, நினைவகம் சர்வருக்குத் திரும்பும். இது லாக் ஆஃப்.

டிஸ்கனெக்ட் கெட்டது என்று சொல்லவில்லை. நெட் அறுந்தாலும் கரண்ட் போனாலும், பாதி அடித்த வவுச்சர் அப்படியே காத்திருக்கிறதே, அது இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை. பிரச்சினை என்னவென்றால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸ் அந்தச் செஷனை எத்தனை நாள் ஆனாலும் மூடாது. அதற்கு நாம்தான் கெடு வைக்க வேண்டும்.

விண்டோஸில் எல்லோருக்கும் பொதுவான விதிகளைப் போடும் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனெண்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்று இறங்கினால் 'செஷன் டைம் லிமிட்ஸ்' என்று ஒரு பகுதி வரும். அங்கே இரண்டு கெடு முக்கியம். எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கும் செஷனை எவ்வளவு நேரத்தில் டிஸ்கனெக்ட் செய்வது, டிஸ்கனெக்ட் ஆன செஷனை எவ்வளவு நேரத்தில் முழுதாக மூடுவது. நான் வழக்கமாக முதலாவதற்கு ஒரு மணி நேரமும் இரண்டாவதற்கு மூன்று மணி நேரமும் வைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் போனவருடைய வேலை கெடாது, ராத்திரி விட்டுப்போனவருடைய செஷன் விடிவதற்குள் மூடிவிடும். ராத்திரி முழுக்க ரிப்போர்ட் ஓடவிடும் ஆள் யாராவது இருந்தால் அவருக்கு மட்டும் தனிக் கெடு வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை தைக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்று மணி நேரத்தில் செஷன் மூடும்போது, சேமிக்காத எக்செல் போய்விடும். அதனால் இந்தக் கெடுவைப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் ஒட்டுவதைவிட ஒவ்வொரு மேசையாகப் போய் சைன் அவுட் எப்படி என்று காட்டுவது நல்லது. இருபது பேருக்கு அரை நாள் ஆகும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்த ஒன்பது செஷனையும் நான் உடனே மூடவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். எட்டுப் பேர் "மூடிடுங்க சார்" என்றார்கள். ஸ்டோர் பார்ப்பவர் மட்டும் "ஐயோ, நேத்து எண்ணின ஸ்டாக் அதுல இருக்கு, சேவ் பண்ணல" என்றார். அவரை உள்ளே வரச் சொல்லி, சேமித்து வெளியேறும்வரை காத்திருந்தேன். பத்து நிமிஷ வேலை. நினைவகம் இருபது ஜிபிக்குக் கீழே இறங்கியது, டேலி சட்டென்று திறந்தது. டாஸ்க் மேனேஜரில் ஒரே கிளிக்கில் ஆளை வெளியே தள்ள முடியும் என்பதால்தான் நமக்குப் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது.

ஆளுக்கு ஒரு பெயர்

பல இடங்களில் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரே பயனர் பெயரை உருவாக்கி நாலு பேருக்குக் கொடுத்திருப்பார்கள். பாஸ்வேர்டு சுவர்க் காலண்டரில் எழுதியிருக்கும். அப்புறம், "நான் உள்ளே போனா அவரு வெளிய வந்துடறாரு" என்று புகார் வரும். சர்வர் வழக்கமாக ஒரு பெயருக்கு ஒரு செஷன்தான் கொடுக்கும். இரண்டாவது ஆள் அதே பெயரில் வந்தால் முதல் ஆளின் செஷனைத்தான் பிடித்துக்கொள்வார். யார் எந்த பில்லை அழித்தார் என்று பின்னால் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது. வேலையை விட்டுப் போனவருடைய கணக்கை அன்றே முடக்குவதும் ஆளுக்கொரு பெயர் இருந்தால்தான் நடக்கும்.

அந்தப் பெயர்கள் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் இருந்தால் போதும். முழு அதிகாரம் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் யாரையும் சேர்க்காதீர்கள், முதலாளி கேட்டாலும் கூட. அவருக்கு மரியாதை குறைவதற்காக இல்லை. அவருடைய பாஸ்வேர்டு போனால் மொத்த வீட்டுச் சாவியும் போய்விடும் என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். நீங்களும் தினசரி வேலைக்குச் சாதாரணப் பெயரிலும், நிர்வாக வேலைக்கு மட்டும் தனிப் பெயரிலும் நுழையுங்கள். சர்வரில் உட்கார்ந்து மெயில் பார்ப்பது, எதையாவது டவுன்லோடு செய்வது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

புதிய அப்ளிகேஷன் போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. செஷன் ஹோஸ்டில் நேராக செட்டப்பை ஓடவிட்டால், சில பழைய அப்ளிகேஷன்கள் போட்டவருக்கு மட்டும் வேலை செய்யும், மற்றவர்களுக்குத் திறக்காது. அதனால் கமாண்ட் ப்ராம்ப்டில் 'சேஞ்ச் யூசர்' என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'இன்ஸ்டால்' என்று சேர்த்து என்டர் அடியுங்கள். சர்வர் இன்ஸ்டால் நிலைக்குப் போகும். செட்டப் முடிந்ததும் அதேபோல் சாய்கோட்டுக்குப் பின் 'எக்ஸிக்யூட்' என்று அடித்துப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். இதையெல்லாம் ஆட்கள் உள்ளே இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். பட்டப்பகலில் செட்டப் ஓடவிட்டு, அது தானே ரீஸ்டார்ட் ஆகி, இருபது பேருடைய வேலை போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்டைக்கு ஒரு வாசல்

நான் அதிகம் கவலைப்படுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆர்டிபி வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கில் அதற்கென்று உள்ள கதவு எண்ணில், கேட்டுக்கொண்டிருக்கும். ஆபீசுக்குள் மட்டும் என்றால் சரி. பெரியமேட்டிலிருந்தும் வர வேண்டும் என்றதும், சிலர் ரவுட்டரில் அந்த 3389ஐ நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை, உடனே பலன். அந்த இரண்டு நிமிஷத்திலிருந்து உலகத்தில் எங்கெங்கோ ஓடும் தானியங்கி நிரல்கள் உங்கள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடும். அட்மின், அக்கவுண்ட்ஸ், டேலி, யூசர்1 என்று பெயர்களையும், ஒன்று இரண்டு மூன்று என்று பாஸ்வேர்டுகளையும் ராப்பகலாகப் போட்டுப் பார்க்கும். சர்வரின் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு நுழைவு முயற்சியும் அந்த எண்ணில் பதிவாகும். போர்ட்டைத் திறந்துவைத்த சர்வரில் ஒரு நாளைக்கு எத்தனை என்று பார்த்தால் உங்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

குடியாத்தம் பக்கம் ஒரு வியாபாரியின் ஆபீசில் திங்கட்கிழமை காலை சர்வரைத் திறந்தபோது, எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு கடிதம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, யாரும் இல்லாத நேரத்தில், எளிதான பாஸ்வேர்டு வைத்த ஒரு பெயரில் நுழைந்திருக்கிறார்கள். பேக்கப் இருந்தது. ஆனால் அது சர்வரிலேயே எப்போதும் செருகி வைத்த வெளி டிஸ்க்கில் இருந்தது. அதையும் பூட்டிவிட்டார்கள். மூன்று வருஷக் கணக்கைப் பிரிண்ட் போட்ட காகிதங்களிலிருந்து திரும்ப அடித்தார்கள். அந்த அறையில் அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு அது மறக்காது.

போர்ட் எண்ணை 3390 என்றோ 50000 என்றோ மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பார்கள். தட்டுவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதோடு, பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டைகளும் சில சமயம் வெளியே வரும். 2019 மே மாதம் தெரியவந்த 'புளூகீப்' அப்படிப்பட்டது. விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்ற பழைய பதிப்புகளில் ஆர்டிபி சேவையிலேயே ஓட்டை. ஆதரவு முடிந்து ஐந்து வருஷம் ஆன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அன்று ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது என்றால் அதன் தீவிரம் புரியும்.

அப்படியானால் வெளியிலிருந்து எப்படி வருவது? நம்ம வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அகழி, உள்ளே போக நாம் எல்லோரும் கிழக்குப் பக்க வாசலுக்குத்தான் வர வேண்டும். அதுபோல ஒரு வாசல் வைத்து, அங்கே ஆளை விசாரித்த பிறகுதான் சர்வருக்கு விட வேண்டும். அந்த வாசலை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று விபிஎன், அதாவது இணையத்தின் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதை. ஃபயர்வாலிலேயே பெரும்பாலும் இருக்கும். முதலில் விபிஎன்னுக்குள் வந்து, அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப். இன்னொன்று ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே. இது 443 என்ற போர்ட்டில், பேங்க் இணையதளங்களுக்கு உள்ளதுபோன்ற குறியாக்கத்துக்குள் ஆர்டிபியைச் சுற்றி அனுப்பும். கேட்வேயை சர்வர் ஒன்றில் வைத்து, முறையான சான்றிதழ் வாங்கிப் போட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் உள்ள இடத்துக்கு விபிஎன் போதும் என்பது என் அபிப்பிராயம். எதை வைத்தாலும் பாஸ்வேர்டோடு மொபைலுக்கு வரும் இரண்டாவது உறுதியையும் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன மாதிரி பாஸ்வேர்டு கசிந்தாலும் அது தடுத்து நிறுத்தும்.

இதோடு, சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டும் விதியையும், என்எல்ஏ என்கிற முன்சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள். என்எல்ஏ இருந்தால் பெயரும் பாஸ்வேர்டும் சரியான பிறகுதான் சர்வர் அவருக்கு லாகின் திரையையே திறக்கும். அப்புறம், பயனருடைய சொந்த டிரைவ்களை செஷனுக்குள் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். யாரோ ஒருவருடைய பென் டிரைவில் இருப்பது பொது வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

பிரிண்டரும் அப்டேட்டும்

பிரிண்டர் தொல்லை எல்லோருக்கும் வரும். ஈஸி பிரிண்ட் என்ற வசதி இருப்பதால், பயனரிடம் உள்ள பிரிண்டரின் டிரைவர் மென்பொருளை சர்வரில் போடாமலேயே லேசர் பிரிண்டரில் அடித்துவிடலாம். முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். ஒரு மோசமான டிரைவர், பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் சர்வரின் ஸ்பூலரைக் கவிழ்த்தால், இருபது பேருக்கும் பிரிண்ட் நிற்கும். ஆனால் டெலிவரி சலான் அடிக்க மூன்று காப்பிக் காகிதத்தோடு டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பார்களே, அங்கே ஈஸி பிரிண்ட் சரிப்படாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்புவதால் கரகரவென்று ஒரு சலானுக்கே வெகுநேரம் ஆகும். அதற்கு மட்டும் அந்த மாடலின் சரியான டிரைவரை சர்வரில் போட்டுவிடுவதுதான் வழி.

அப்டேட் விஷயத்தில், மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடும். நான் சில நாள் பொறுத்து, அந்த வார ஞாயிறு காலை போடுவேன். அவசர ஓட்டை என்றால் அன்றே. போடுவதற்கு முன் பேக்கப் அல்லது சர்வரின் அப்போதைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட். இரண்டு சர்வர் இருக்கும் இடத்தில் 'டிரெய்ன்', அதாவது வடியவிடும் நிலை ரொம்ப உதவும். அதைப் போட்டால், உள்ளே இருப்பவர்கள் வேலையை முடிக்கலாம், புதிதாக யாரும் நுழைய முடியாது. கடைசி ஆள் போனதும் நிம்மதியாக ரீஸ்டார்ட் செய்யலாம். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பாமல், கதவை மட்டும் மூடி வைப்பதுபோல.

உரிமம்

செஷன் ஹோஸ்ட் போட்டதும் 120 நாள் உரிமம் கேட்காமல் ஓடும். அந்தச் சுகத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். 121ஆம் நாள் யாரும் நுழைய முடியாது. அது நிச்சயம் ஒரு 20ஆம் தேதிக்குப் பக்கத்தில்தான் வரும் என்று வைத்துக்கொண்டு இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். உரிமம் ஆள் கணக்கிலும் கிடைக்கும், சாதனக் கணக்கிலும் கிடைக்கும். ஷிஃப்ட்டில் மூன்று பேர் ஒரே சிஸ்டத்தில் உட்கார்கிறார்கள் என்றால் சாதனக் கணக்கு லாபம். ஒரே ஆள் ஆபீசிலும் வீட்டிலும் லேப்டாப்பிலும் வருகிறார் என்றால் ஆள் கணக்கு.  விண்டோஸ் சர்வரோடு கூடவே வரும் இரண்டு நிர்வாகச் செஷன்கள் நிர்வாகத்துக்கு மட்டும். அவற்றில் கணக்கு எழுத வைக்கக் கூடாது.

வெயிலும் கரண்டும்

புத்தகங்களில் இது ஒரு வரியில் போய்விடும். நம்ம ஊரில் அப்படி விட முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். சனிக்கிழமை சாயந்திரம் ஆபீஸைப் பூட்டுபவர், கரண்ட் மிச்சமாகட்டும் என்று நல்ல எண்ணத்தில் எல்லா ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார். மூடிய அறையில் ஞாயிறு முழுக்க சர்வர் வெந்துகொண்டிருக்கும். சூடானால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். டிஸ்க்கின் ஆயுளும் குறையும். சர்வர் அறை ஏசியின் ஸ்விட்ச்சுக்கு மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவதோடு, பூட்டுபவரிடம் நேரில் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு ஏசி போட்டு மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். தோல் கம்பெனிகளில் தோலைத் தேய்க்கும் பஃபிங் தூசி வேறு இருக்கும். சர்வரை அந்தப் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

யூபிஎஸ் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதன் யூஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி அமைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை. கேபிள் பிரிக்காத கவரோடு அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். அதை இன்றைக்கே செருகுங்கள். இருபது பேர் டேலியில் எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று சர்வர் அணைந்தால் டேட்டா பழுதாகிவிடலாம்.

பேக்கப்பைத் திறந்து பாருங்கள்

மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. குடியாத்தத்தில் பார்த்ததற்குப் பிறகு, அந்த மூன்றில் ஒன்று எப்போதும் சர்வரிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் மாற்றி வாரம் செருகி, செருகாததை பீரோவில் பூட்டி வைத்தாலே போதும். பெரிய செலவு இல்லை.

ஆம்பூர் கம்பெனியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் நானும் அந்த அக்காவும் ஒரு மணி நேரம் உட்காருவோம். பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து, சர்வரில் இல்லாமல் வேறு ஒரு சிஸ்டத்தில் டேட்டாவைத் திறப்பேன். அவர் போன மாத டிரையல் பேலன்ஸை, அதாவது எல்லாக் கணக்குகளின் நிலுவைப் பட்டியலை, பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார். திரையில் உள்ள தொகையையும் காகிதத்தில் உள்ள தொகையையும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவார். போன மார்ச்சில் ஒரு தடவை தொகை ஒத்துவரவில்லை. பார்த்தால் பேக்கப் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருந்தது. புது வருஷ டேட்டா வேறு ஃபோல்டருக்குப் போய்விட்டது. பதினொரு மாதமாக அப்படியே ஓடியிருக்கிறது. 'பேக்கப் வெற்றி' என்று தினமும் மெயில் வேறு வந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைகளை நாங்கள் தொடங்கியதே அந்த மாதம்தான். அன்று சாயந்திரமே ஃபோல்டரை மாற்றினோம், மறுநாள் காலை திரும்ப ஒருமுறை திறந்து பார்த்தோம், தொகை ஒத்துவந்தது. அக்கா அந்தக் காகிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் குத்திவைத்தார்.